புரொசசர் மூடியில் இருப்பதை வாசிப்பது எப்படி: பழைய கணினி வாங்குவோருக்கும் பழுதுபார்க்கப் பழகுவோருக்கும் ஒரு வழிகாட்டி

மலையக நகரங்களில் விற்பனைக்கு வரும் மேசைக் கணினிகளில் பல, வெளிநாட்டு அலுவலகங்களில் சில ஆண்டுகள் உழைத்தபின் இறக்குமதியானவை. அட்டனிலோ பண்டாரவளையிலோ ஒரு கடையில் "இது ஐ5 மெஷின்" என்று சொன்னால், அது பாதித் தகவல்தான். 2009 ஆம் ஆண்டில் தொடங்கிய ஐ5 என்ற பெயரை இன்டெல் நிறுவனம் தலைமுறை தலைமுறையாகப் பல சில்லுகளுக்குச் சூட்டியிருக்கிறது. எந்தச் சில்லு, எப்போது, எங்கே தயாரானது என்பதெல்லாம், கணினியின் கணிப்பு வேலையைச் செய்யும் சில்லான புரொசசரின் உலோக மூடியில் நான்கைந்து வரிகளில் பொறிக்கப்பட்டிருக்கும். அவற்றைத் தனித்தனியாக வாசிப்பதைவிட, ஒரு வரி சொல்வதை மற்ற வரிகள் ஒப்புக்கொள்கின்றனவா என்று பார்ப்பதே முக்கியம். இந்தக் கட்டுரை கற்றுத்தர முயல்வதும் அதையே.

அச்சில் உள்ள ஆங்கில எழுத்துகளை இங்கே அவற்றின் ஒலிப்படி தமிழில் தந்திருக்கிறேன். டி, ரி ஆகிய இரண்டும் வெவ்வேறு எழுத்துகள் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

திறப்பதற்கு முன்

மூடியைப் பார்க்க வேண்டுமானால் அதன் மேல் சூடு தணிக்க வைத்திருக்கும் கூலரைக் கழற்றத்தான் வேண்டும். தயாரித்த வாரம் அடங்கிய தயாரிப்புத் தொகுதி எண்ணை மென்பொருளை வைத்தே அறியலாமே என்று பலர் கேட்கிறார்கள், அது இயலாது. சிபியூ-இசட் போன்ற மென்பொருள்கள் சில்லின் பெயர், குடும்பம், மாதிரி, திருத்தப் பதிப்பு (ஒரே சில்லில் பின்னர் செய்த சிறு திருத்தங்களைக் குறிப்பது) ஆகியவற்றைக் காட்டும். தயாரித்த வாரத்தைக் காட்டமாட்டா. 1999 ஆம் ஆண்டில் வெளிவந்த பென்டியம் 3 இல் மென்பொருளால் வாசிக்கக்கூடிய தொடரிலக்கம் ஒன்றை இன்டெல் வைத்திருந்தது. அதைக்கொண்டு பயனர்களைப் பின்தொடரலாம் என்ற கடும் எதிர்ப்பு எழுந்ததால் அடுத்து வந்த சில்லுகளில் அது கைவிடப்பட்டது.

கணினியை ஏறத்தாழ பத்து நிமிடம் இயக்கிவிட்டு, நிறுத்தி, மின்கம்பியைப் பிடுங்கிய பிறகே கூலரில் கை வையுங்கள். கடல் மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் காலைக் குளிரில் கூலருக்கும் மூடிக்கும் இடையிலுள்ள வெப்பப் பசை இறுகி, ஒட்டுப் பசை போலப் பிடித்துக்கொள்ளும். இன்டெல் மேசைக் கணினிகளில் புரொசசரைத் தாய்ப்பலகையின் இரும்புச் சட்டம் அழுத்திப் பிடித்திருப்பதால் ஆபத்துக் குறைவு. இன்டெல்லின் போட்டி நிறுவனமான ஏஎம்டியின் சில்லுகளுக்குரிய ஏஎம்4 வகைப் பலகைகளில் அப்படிச் சட்டம் கிடையாது. பசை இறுகியிருக்கும்போது கூலரை நேர் மேலாக இழுத்தால், புரொசசரும் சொக்கெட் எனும் பொருத்துமிடத்திலிருந்து பிய்த்துக்கொண்டு வந்துவிடும். அதன் அடியிலுள்ள 1331 பின்களில் சில வளைந்தும் போகலாம். ஆகவே பசை இளகியிருக்கும்போதே கூலரை இடமும் வலமுமாக மெல்லத் திருகி, பிடி விட்டதை உணர்ந்த பிறகு தூக்குங்கள்.

மூடியில் ஒட்டியிருக்கும் பசையைப் பஞ்சில் ஐசோபுரோப்பைல் அற்ககோல் தொட்டுத் துடைத்தெடுக்கலாம். கத்தி, மணல்தாள், பாத்திரம் தேய்க்கும் கம்பி எதுவும் வேண்டாம். எழுத்துகள் லேசரால் மிக மெல்லிதாகப் பொறிக்கப்பட்டவை. சுரண்டினால் பசையோடு அவையும் போய்விடும். திறந்த சொக்கெட்டை நோக்கி வாயால் ஊதவும் கூடாது. மழைக்காலத்தில் ஏற்கெனவே ஈரம் கனத்த காற்றில் நாம் எச்சில் துளியையும் சேர்த்துவிடுவோம். எழுத்து தெளிவாகத் தெரிய, கைப்பேசியின் டோர்ச் வெளிச்சத்தை நேரே அடிக்காமல், மூடிக்குப் பக்கவாட்டில் தாழப் பிடித்துச் சாய்வாக அடித்துப் படம் எடுங்கள்.

கணினி இன்னும் கடையில்தான் இருக்கிறது, கடையோ கொழும்பிலோ கண்டியிலோ இருக்கிறது என்றால், பஸ் ஏறுவதற்கு முன்பே படத்தைக் கேட்டு வாங்கிவிடுவது நல்லது. வாட்ஸ்அப்பில் இப்படிக் கேட்டால் போதும்: "அண்ணே, புரொசசர் மேல இருக்கிற எழுத்தெல்லாம் தெளிவா தெரியிற மாதிரி ஒரு போட்டோ அனுப்புங்க. சீரியல் நம்பர மறைச்சிட்டு அனுப்பினாலும் பரவாயில்ல." தொடரிலக்கத்தை வைத்து வேறொருவர் உத்தரவாதம் கோர முயலக்கூடும் என்பதால், அதை மறைக்கும் கடைக்காரரைச் சந்தேகிக்க வேண்டியதில்லை, அவர் விவரம் தெரிந்தவர் என்றே கொள்ளலாம். மற்ற வரிகளையும் காட்டத் தயங்குபவரிடமிருந்து வாங்காதீர்கள்.

இன்டெல் மூடியை வாசித்தல்

இன்டெல் மூடியின் முதல் வரியில் நிறுவனத்தின் பெயரும், வட்டத்துக்குள் எம், சி என்ற எழுத்துகளும், மேற்கோள் குறியுடன் இரண்டு இலக்கங்களும் இருக்கும். புதிதாகப் பழகுபவர்களில் பெரும்பாலோர் அந்த இரண்டு இலக்கங்களைத் தயாரிப்பு ஆண்டு என்று எடுத்துக்கொள்கிறார்கள். அது பதிப்புரிமை ஆண்டு மட்டுமே. சில்லு தயாரான ஆண்டுக்குச் சில ஆண்டுகள் முந்தியதாகவும் இருக்கலாம். அந்த வரியைக் கடந்துவிடுங்கள்.

அடுத்த வரி மாதிரிப் பெயர். அதற்குக் கீழே ஐந்து எழுத்துகளும் இலக்கங்களும் சேர்ந்த ஒரு குறியீடும், பெரும்பாலும் அதனருகே வேகமும் இருக்கும். இந்த ஐந்தெழுத்துக் குறியீட்டை எஸ்-ஸ்பெக் என்பார்கள். மூடியிலேயே மிகவும் பயனுள்ளது இதுதான். எஸ்ஆர்00கியூ என்று இருந்தால் அது 3.10 கிகாஹேர்ட்ஸ் வேகமுள்ள ஐ5-2400. எஸ்ஆர்0ரி8 என்று இருந்தால் 3.20 கிகாஹேர்ட்ஸ் வேகமுள்ள ஐ5-3470. குறியீட்டை இணையத்தில் தேடினால், அந்தச் சில்லின் திருத்தப் பதிப்பு, மின் தேவை, பொருந்தும் சொக்கெட் எல்லாம் கிடைக்கும். மேல் வரி ஒரு மாதிரியையும் எஸ்-ஸ்பெக் வேறொரு மாதிரியையும் காட்டினால் அந்த மூடியில் யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்று பொருள்.

ஒரே பெயருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட எஸ்-ஸ்பெக் இருக்க முடியும் என்பதற்கு, கோர் 2 குவாட் கியூ6600 நல்ல உதாரணம். 2007 ஆம் ஆண்டு ஜனவரியில் வந்தபோது அதன் குறியீடு எஸ்எல்9யூஎம். திருத்தப் பதிப்பு பி3. மின் தேவை 105 வாற்று. அதே ஆண்டு ஜூலையில் ஜி0 என்ற திருத்தப் பதிப்பு எஸ்எல்ஏசிஆர் என்ற குறியீட்டுடன் வந்தது. அதே 2.40 கிகாஹேர்ட்ஸ், சில்லுக்குள் இருக்கும் கேஷ் எனும் சிறு நினைவகமும் அதே 8 மெகாபைட், ஆனால் 95 வாற்று. வேகத்தைக் கூட்டி ஓட்டிப் பார்ப்பவர்கள் அந்தக் காலத்தில் கடைக்குப் போய் "கியூ6600 இருக்கிறதா" என்று கேட்கவில்லை. "எஸ்எல்ஏசிஆர் இருக்கிறதா" என்றே கேட்டார்கள். பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருந்த பெயர் இரண்டுக்கும் ஒன்றுதான். வேறுபாடு மூடியில் மட்டுமே தெரிந்தது. அக்காலச் சில்லுகளில் வேகம், கேஷ், பஸ் வேகம் மூன்றும் சாய்கோடுகளால் பிரிக்கப்பட்டு ஒரே வரியில் இருக்கும். கியூ6600 இன் அந்த வரியில் வரும் 1066 என்பது பஸ் வேகம், அதாவது புரொசசர் பலகையின் மற்றப் பாகங்களோடு தரவைப் பரிமாறும் வேகம். வரியின் கடைசியில் வரும் 05ஏ போன்ற குறி, எந்த அளவு மின் தேவைக்கு வடிவமைக்கப்பட்ட பலகையில் அந்தச் சில்லைப் பொருத்தலாம் என்பதைச் சொல்கிறது.

எஸ்-ஸ்பெக் இருக்க வேண்டிய இடத்தில் கியூ என்ற எழுத்தில் தொடங்கும் குறியீடும், மாதிரிப் பெயருக்குப் பதிலாக இரகசியம் எனப் பொருள்படும் "இன்டெல் கொன்பிடென்ஷல்" என்ற சொற்களும் இருந்தால், அது விற்பனைக்கான சில்லே அல்ல. கணினி உற்பத்தியாளர்கள் பரிசோதித்துப் பார்ப்பதற்கு இன்டெல் கொடுத்த மாதிரிச் சில்லு அது. விலை மலிவாக இருக்கும். ஆனால் உத்தரவாதம் கிடையாது, சில பலகைகள் அதை அடையாளம் காணமாட்டா, சட்டப்படி அது இன்டெல்லின் சொத்து. புதிதாகப் பழகுபவர் அதைத் தொடாமல் இருப்பதே நல்லது.

பின்னர் வருவது நாட்டின் பெயர்: மலாய், கொஸ்டாரிக்கா, வியட்நாம் என்று இருக்கும். சிலிக்கன் தட்டு உருவான இடம் என்று இதைத் தவறாகக் கொள்ள வேண்டாம். அரிசோனா, ஒரிகன், அயர்லாந்து, இஸ்ரேல் போன்ற இடங்களில் உருவாகும் சிலிக்கனை வெட்டி, பலகைத் துண்டில் பொருத்தி, மூடியிட்டு, பரிசோதிக்கும் இடத்தையே இன்டெல் மூடியில் அச்சிடுகிறது. மலேசியாவின் பினாங்கில் அந்நிறுவனம் 1972 இலிருந்து இயங்கிவருகிறது. எந்த நாட்டில் பொருத்தப்பட்டாலும் பரிசோதனை அளவுகோல் ஒன்றே. "மலேசியாச் சில்லு நல்லது, மற்றது கூடாது" என்று சில கடைகளில் கேட்கும் பேச்சுக்கு ஆதாரம் கிடையாது.

இனி வரும் தொகுதி எண்ணில்தான் திகதி ஒளிந்திருக்கிறது. உதாரணத்துக்கு எல்310சி492 என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். முதல் எழுத்து பொருத்திய ஆலையைக் குறிக்கும்: எல் என்றால் மலேசியா, எக்ஸ் என்றால் வியட்நாம், 3 என்ற இலக்கம் முதலில் வந்தால் கொஸ்டாரிக்கா. இரண்டாவது இடத்திலுள்ள 3 ஆண்டின் கடைசி இலக்கம். அதை அடுத்துள்ள 10 அந்த ஆண்டின் பத்தாவது வாரம். எஞ்சிய சி492 உற்பத்தித் தொகுதியின் அடையாளம்; அதற்கு வெளியாட்கள் பொருள் காண முயல வேண்டியதில்லை. வார எண்ணை 4.3 ஆல் வகுத்தால் மாதம் தெரியும். பத்தை வகுத்தால் இரண்டேகால் அளவில் வரும். இரண்டு மாதங்கள் முடிந்து மூன்றாவது தொடங்கிவிட்டது, அதாவது மார்ச் மாதத் தொடக்கம்.

ஆண்டுக்கு ஒரே இலக்கம் இருப்பதால் 3 என்பது 2003, 2013, 2023 ஆகிய மூன்றில் எதுவாகவும் இருக்கலாம். இங்கேதான் மற்ற வரிகள் துணைக்கு வருகின்றன. மூடியில் எஸ்ஆர்0ரி8 இருந்தால், ஐ5-3470 வெளியானது 2012 இல் என்பதால் விடை 2013. அதே தொகுதி எண் 2014 ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் வெளியான ஐ5-4590 இன் மூடியில் இருந்தால் கணக்கு உதைக்கிறது. சில்லுகள் வெளியீட்டு நாளுக்குச் சில மாதங்கள் முன்பே தயாராவது உண்மைதான். ஆனால் ஓராண்டுக்கும் மேல் முந்திய திகதிக்கு அது விளக்கமாகாது. நாட்டின் பெயரும் தொகுதி எண்ணின் முதல் எழுத்தும் ஒத்துப்போகின்றனவா என்பதையும் இதோடு பார்த்துவிடுங்கள். மலாய் என்று அச்சிட்டிருக்கும் மூடியில் தொகுதி எண் எக்ஸ் என்று தொடங்கினால் நின்று நிதானிக்க வேண்டும்.

தொகுதி எண்ணின் அருகே வட்டத்துக்குள் ஈ4 என்று ஒரு சிறு குறி இருக்கும். தரம், திருத்தப் பதிப்பு என்று இதற்குப் பலர் பலவாறு பொருள் சொல்வார்கள். உண்மையில் இது ஈயமற்ற தயாரிப்புக்கான குறி. இணைப்புப் பரப்பில் தங்கம் போன்ற விலையுயர்ந்த உலோகப் பூச்சு இருப்பதைக் காட்டுகிறது. வெள்ளீயம், வெள்ளி, செம்பு கலந்த பற்றாசு உருண்டைகள் கொண்ட சில்லுகளில், அதாவது பலகையோடு பற்றாசு பிடித்த பல மடிக்கணினிச் சில்லுகளில், ஈ1 என்று இருக்கும். மூலையிலுள்ள பொன்னிற முக்கோணம் பொருத்தும் திசையைக் காட்டுவது, அவ்வளவுதான்.

முழுத் தொடரிலக்கம் மூடியில் இருக்காது. பச்சை நிறப் பலகையின் ஓரத்தில் புள்ளிகளால் ஆன சிறு சதுரக் குறியீடாகவும், பக்கத்தில் பொடி எழுத்துகளாகவும் அது இருக்கும். அந்தச் சதுரத்தைக் கைப்பேசியில் உள்ள குறியீடு வாசிக்கும் செயலியால் வாசிக்கலாம். இன்டெல்லின் உத்தரவாதப் பக்கத்தில் தொகுதி எண், தொடரிலக்கம் இரண்டையும் கொடுத்தால் உத்தரவாதம் மீதமிருக்கிறதா என்று தெரியும். பெட்டியில் அடைத்து விற்கப்படும் சில்லுகளுக்கு வழமையாக மூன்றாண்டு உத்தரவாதம் உண்டு. கணினி நிறுவனங்களுக்கு மொத்தமாகப் போன சில்லுகளுக்கு அந்த நிறுவனம்தான் பொறுப்பு. இறக்குமதியான அலுவலகக் கணினிகளில் இருப்பவை பெரும்பாலும் இந்த இரண்டாவது வகையே.

ஏஎம்டி மூடியை வாசித்தல்

ஏஎம்டி மூடியில் திகதியை வாசிப்பது எளிது. ஆண்டுக்கு இரண்டு இலக்கங்களும் வாரத்துக்கு இரண்டு இலக்கங்களும் இருப்பதால் பத்தாண்டுக் குழப்பம் வராது. ரைசன் 5 3600 ஒன்றில் 1925எஸ்யூஎஸ் என்று இருந்தால், அது 2019 ஆம் ஆண்டின் 25 ஆவது வாரம், அதாவது ஜூன் மாதப் பிற்பகுதி. பின்னால் வரும் எஸ்யூ சீனாவின் சுஜோ நகரிலுள்ள ஆலையையும், பிஜி பினாங்கிலுள்ள ஆலையையும் குறிப்பவை. இவ்விரு ஆலைகளிலும் 85 சதவீதப் பங்கை ஏஎம்டி 2016 இல் ஒரு சீன நிறுவனத்துக்கு விற்றுவிட்டாலும், பொருத்தும் வேலை அங்கேயே தொடர்ந்தது. எஸ்யூ என்று இருக்கும் மூடியில் நாட்டின் பெயர் சீனா என்றும், பிஜி என்று இருப்பதில் மலேசியா என்றும் இருக்க வேண்டும்.

இன்டெல் சொல்லாத ஒன்றை ஏஎம்டி சொல்கிறது. "மேட் இன்" என்பதற்குப் பின்னால் பொருத்திய நாடும், "டிஃபியூஸ்ட் இன்" என்பதற்குப் பின்னால் சிலிக்கன் உருவான நாடும் இருக்கும். பழைய எஃப்எக்ஸ் வரிசையில் ஜேர்மனி என்று இருப்பதற்குக் காரணம், அவை திரெஸ்டன் நகரிலுள்ள குளோபல்பவுண்ட்ரீஸ் ஆலையில் உருவானவை. ரைசன் 5 3600 இல் அமெரிக்கா, தாய்வான் என இரண்டு நாடுகள் இருப்பதைக் கண்டு போலி என்று முடிவுகட்டிவிட வேண்டாம். அந்த மூடிக்குக் கீழே இரண்டு சிலிக்கன் துண்டுகள் இருக்கின்றன: கணிக்கும் துண்டு தாய்வானின் ரிஎஸ்எம்சி நிறுவனத்தில் 7 நானோமீற்றர் முறையில் உருவானது, நினைவகத்தோடும் பிற சாதனங்களோடும் பேசும் துண்டு அமெரிக்காவில் குளோபல்பவுண்ட்ரீஸ் நிறுவனத்தில் 12 நானோமீற்றர் முறையில் உருவானது.

எஸ்-ஸ்பெக்குக்கு நிகராக ஏஎம்டியில் இருப்பது பொருள் எண். ரைசன் 5 3600 க்கு 100-000000031. ரைசன் 5 5600எக்ஸ் க்கு 100-000000065. பெட்டியோடு வாங்கினால் பெட்டியிலுள்ள எண்ணின் இறுதி இலக்கங்களும் மூடியில் உள்ளவையும் ஒத்திருக்க வேண்டும். முதல் தலைமுறை ரைசன்களில் இந்த எண் எழுத்துகள் கலந்து நீளமாக இருக்கும்; அதில் கடைசி இரண்டு எழுத்துகளைக் கவனியுங்கள். 2017 இல் வந்த ரைசன் 5 1600 இல் அவை ஏஈ. 2019 இன் இறுதியில் அதே பெயரில் ஏஎஃப் என்று முடியும் சில்லு சந்தைக்கு வந்தது. அது 14 நானோமீற்றர் முறையிலிருந்து 12 நானோமீற்றர் முறைக்கு மாறிய, உள்ளடக்கத்தில் இரண்டாம் தலைமுறைக்குரிய சில்லு. ஒரே விலையில் இரண்டும் கிடைத்தால் ஏஎஃப் ஐ எடுங்கள். ஆனால் பழைய தாய்ப்பலகை என்றால், அந்தத் தலைமுறையை அறிந்த பயொஸ் (கணினியை இயக்கியதும் பலகையிலிருந்து முதலில் ஓடும் மென்பொருள்) அதில் இருக்கிறதா என்று முதலில் கேட்டறிய வேண்டும்.

வாரம் எப்போது முக்கியம்

பெரும்பாலான புரொசசர்களில் தயாரிப்பு வாரத்தால் பெரிய பயன் எதுவும் இல்லை. ஓராண்டு பழையதா இரண்டாண்டு பழையதா என்பதைவிட, அந்தக் கணினி எவ்வளவு சூட்டில் ஓடியது என்பதே பெரிது. இரண்டு சந்தர்ப்பங்கள் இதற்கு விலக்கு.

முதலாவது, 2017 இன் முற்பகுதியில் தயாரான முதல் தலைமுறை ரைசன்கள். லினக்ஸ் இயங்குதளத்தில் பெரிய நிரல்களைத் தொகுக்கும் கடும் வேலையின்போது அவற்றில் சில இடையிடையே பிழை காட்டி நின்றன. ஏஎம்டி அதை ஒப்புக்கொண்டு சில்லுகளை மாற்றிக்கொடுத்தது. அந்த ஆண்டின் 25 ஆவது வாரத்துக்குப் பிந்திய சில்லுகளில் அந்தக் கோளாறு வருவதில்லை என்று பயனர்கள் ஒப்பிட்டுக் கண்டார்கள். நிரல் எழுதப் படிப்பவர்கள் அந்தத் தலைமுறையை வாங்குவதாக இருந்தால் 1725 ஐத் தாண்டிய எண்ணைத் தேடுவது நல்லது. விண்டோஸில் எழுத்து வேலை செய்பவருக்கு இது பொருட்டல்ல.

இரண்டாவது, இன்டெல்லின் 13 ஆம், 14 ஆம் தலைமுறை உயர்வேகச் சில்லுகள். தேவைக்கு மிஞ்சிய மின்னழுத்தத்தால் அவை நாளடைவில் நிலைகுலைந்ததை இன்டெல் 2024 இல் உறுதிப்படுத்தியது. 13 ஆம் தலைமுறையின் தொடக்க உற்பத்தி சிலவற்றில் உட்புற இணைப்புகள் ஒட்சியேற்றமடைந்த வேறொரு குறையும் இருந்தது. தொகுதி எண்ணைப் பார்த்து இது நல்லது, இது கெட்டது என்று வெளியாட்கள் பிரிக்க முடியாது. யாராவது அப்படி ஒரு பட்டியலைக் காட்டினால் நம்பாதீர்கள். ஆயினும் பாதிக்கப்பட்ட மாதிரிகளுக்கு இன்டெல் உத்தரவாதத்தை இரண்டாண்டுகள் நீட்டி ஐந்தாண்டாக்கியிருப்பதால், தொகுதி எண்ணையும் தொடரிலக்கத்தையும் எழுதி வைத்திருப்பவருக்கு அது பயன்படும். பயொஸையும் புதுப்பித்துக்கொள்ளுங்கள்.

ஒப்பிட்டு முடிவெடுத்தல்

எல்லா வரிகளையும் ஒரு தாளில் எழுதிக்கொண்ட பிறகு, புதிய வெப்பப் பசையைப் பட்டாணி அளவில் இட்டுக் கூலரைப் பொருத்தி, கணினியை இயக்கி, முதலில் பயொஸுக்குள் போங்கள். விண்டோஸ் காட்டும் புரொசசர் பெயரை மட்டும் நம்ப வேண்டாம். அந்த எழுத்தை விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் பதிவேட்டில் மாற்றி எழுதிவிட முடியும். பயொஸ் காட்டும் பெயரைப் பார்த்த பிறகு, சிபியூ-இசட்டிலோ லினக்ஸின் எல்எஸ்சிபியூ கட்டளையிலோ குடும்பம், மாதிரி, திருத்தப் பதிப்பு எண்களைப் பாருங்கள். மேலே சொன்ன கியூ6600 இல், எஸ்எல்9யூஎம் என்றால் சிபியூ-இசட்டில் திருத்தப் பதிப்பு 7 என்றும், எஸ்எல்ஏசிஆர் என்றால் பி என்றும் தெரியும். எல்எஸ்சிபியூ அந்த பி ஐப் பதினொன்று என்று காட்டும், இரண்டும் ஒன்றே. மூடி ஒன்றைச் சொல்லி மென்பொருள் இன்னொன்றைச் சொன்னால், மென்பொருள் வாசித்தது சிலிக்கனை, நீங்கள் வாசித்தது அதன் மேல் மூடியை என்பதை நினைவில் வையுங்கள். மூடியை மாற்றலாம், தேய்த்து மீண்டும் பொறிக்கலாம். 2017 இல் ரைசன் 7 எனப் பெயர் ஒட்டிய சில்லுகளை வாங்கிய சிலர், அடியில் பின்களே இல்லாத இன்டெல் சில்லைக் கண்டார்கள். திருப்பிப் பார்த்தாலே தெரிந்திருக்கும் மோசடி அது.

ஏதோ ஒரு வரி மட்டும் மங்கியோ வாசிக்க முடியாமலோ இருந்து, மற்றவை எல்லாம் ஒத்துப்போனால் கவலைப்பட வேண்டியதில்லை. பல ஆண்டுகள் துடைத்துத் துடைத்துப் பூசிய மூடியில் அது சகஜம். எழுத்துகளின் ஆழம் வரிக்கு வரி வேறுபட்டாலோ, மூடியின் பளபளப்பு ஒரு பகுதியில் மட்டும் மாறியிருந்தாலோ, எஸ்-ஸ்பெக்கும் மென்பொருளும் முரண்பட்டாலோ, பணம் கொடுப்பதற்கு முன் படத்தையும் மென்பொருள் காட்டியதையும் கடைக்காரரிடம் அருகருகே வைத்துக் காட்டுங்கள். அவரும் இறக்குமதியாளரிடம் ஏமாந்தவராக இருக்கலாம் என்பதால் சண்டைக்குப் போகாமல் கேளுங்கள்; மாற்றித் தர முடியாதென்றால், மென்பொருள் காட்டும் சில்லின் விலையைத்தான் பேச வேண்டும், மூடியில் உள்ள பெயரின் விலையை அல்ல. வாங்கினால், பில்லில் "ஐ5" என்று மட்டும் எழுத விடாமல், முழு மாதிரி எண்ணையும் எஸ்-ஸ்பெக்கையும் எழுதிக் கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள்.